கிலோ என்ன விலை?

வடகடல்

வடகடல் ராத்திரியில் யாரையும் தூங்க விடாது. அபர்டீனில் மாலை கிளம்பும் கப்பல் ஷெட்லாந்து போய்ச் சேர 12 மணி நேரத்துக்கு மேலாகும். நடுநிசிக்கு மேல் படுக்கப் பிடிக்காமல் எழுந்து கூடத்துக்கு வந்து பின்னலை எடுத்தேன். கைக்கு வேலை இருந்தால் வயிறு அடங்கும் என்பது என் நம்பிக்கை.

எதிர் இருக்கையில் எழுபது தாண்டிய ஒரு அம்மா. அவர் மடியிலும் பின்னல். என் ஊசிகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "உங்கள் வலது கை ரொம்ப தூரம் நடக்கிறது" என்றார்.

அவருடைய வலது கை நடக்கவே இல்லை. இடுப்பில் ஒரு தோல் பெல்ட் கட்டியிருந்தார். அதன் முன்பக்கம் குதிரை மயிர் அடைத்துப் புடைத்த ஒரு சின்ன மெத்தை, மெத்தை முழுக்கத் துளைகள். நீள ஊசியின் ஒரு முனை அந்தத் துளையில் குத்தி நிற்கிறது. ஊசியைப் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் ஆள்காட்டி விரல் நூலைத் தட்டிவிடும் வேலையை மட்டும் செய்கிறது. கண்ணிகள் விழும் வேகத்தை என்னால் எண்ண முடியவில்லை. ஊசியை 'வயர்' என்றார். பின்னுவதற்கு அவர்கள் பேச்சில் 'மக்கின்'. செய்வது என்றுதான் அதற்குப் பொருள், வேறு எதையும் குறிப்பிட வேண்டியதில்லை போல.

அபர்டீன் ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு வீடு திரும்புகிறாராம். தீவின் மேற்குக் கரையில் வீடு. "நீங்கள்?" என்றார். கிளாஸ்கோவில் வேலை, சொந்த ஊர் திருப்பூர், ஒரு பகல் முழுக்க நூல் கடைகளைப் பார்த்துவிட்டு இதே கப்பலில் திரும்பப்போகிறேன் என்றேன். திருப்பூர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். உங்கள் பேரன் போட்டிருக்கும் டீ-ஷர்ட்டின் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பாருங்கள், அநேகமாக எங்கள் ஊர்தான் என்றேன்.

எங்கள் ஊரில் 'நிட்டிங்' என்றால் ஊசியும் மடியும் யாருக்கும் நினைவு வராது. வட்ட மிஷின், மேலே வரிசையாகக் கோன்கள், கீழே குழாய் குழாயாக இறங்கும் பனியன் துணி. கேட்கிற கேள்வி எத்தனை கேஜ், எத்தனை டயா. அம்மா முப்பது வருஷமாக பனியன் கம்பெனியில். முதலில் கைமடி, அப்புறம் ஓவர்லாக், இப்போது செக்கிங். எனக்குக் கையால் பின்னச் சொல்லிக்கொடுத்தவர் கோத்தகிரிப் பெரியம்மா. அங்கே குளிர் இருந்தது, உல்லனுக்கு அர்த்தம் இருந்தது. திருப்பூர் வெயிலில் நான் மே மாத லீவில் ஸ்வெட்டர் பின்னியபோது அம்மா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது: "காசு குடுத்து நூலு வாங்கி, சும்மா ஒக்காந்து பின்றதுக்குப் பேரு வேலையா அம்மிணி?"

விடியலில் பிரெஸ்ஸே தீவின் கலங்கரை விளக்கம் வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் லெர்விக். சாம்பல் நிறக் கல்வீடுகள், பின்னால் பச்சை மேடு. என்னவோ குறைகிறதே என்று ரொம்ப நேரம் யோசித்துக் கண்டுபிடித்தேன்: மரம். செப்டம்பர் முதல் வாரம், காற்று அடிக்கிற அடியில் அதற்கு விடையும் இருந்தது.

நார்த் ரோடு

ஜேமிசன் அண்ட் ஸ்மித் கப்பல்துறையிலிருந்து நடக்கிற தூரம். வெளியே பார்த்தால் கடை என்று சொல்லமாட்டீர்கள். திருப்பூர் காதர்பேட்டை கோடவுன் ஒன்றைக் கழுவித் துடைத்து வடக்கே கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கிறது. அவர்கள் அடிப்படையில் கம்பளித் தரகர்கள். தீவின் சிறு விவசாயிகளிடம் ரோமத்தை வாங்கித் தரம் பிரிப்பது தொழில். நூல் கடை அதன் முன்னறை.

இந்தப் பருவத்தில்தான் ரோமம் வந்து இறங்கும். பின்பக்கம் மூட்டைகள் உத்தரம் வரை. எட்டிப் பார்க்க விட்டார்கள். ஒருவர் மேஜைமேல் ஓர் ஆட்டின் முழு ரோமத்தையும் போர்வைபோல விரித்துக் கையாலேயே பிரித்துக்கொண்டிருந்தார். கழுத்தும் தோளும் மென்மை, பின்தொடைப் பக்கம் முரடு. மிக மெல்லியது சல்லடைபோன்ற லேஸ் சால்வைக்கு, நடுத்தரம் ஸ்வெட்டருக்கு, முரடு தரைவிரிப்புக்கு. கண்ணை விட விரல் நுனியைத்தான் அவர் நம்பினார். அம்மாவும் அப்படித்தான். துணியில் கண்ணி விட்டிருந்தால் கண் காண்பதற்கு முன் அவள் கட்டைவிரல் அங்கே போய் நின்றுவிடும்.

ஷெட்லாந்து ஆடு சின்ன ஆடு. ஆனால் நிறங்களில் தாராளம். சாயமே போடாத நூலுக்கு ஒரு தனி அலமாரி. செம்பழுப்புக்கு மூரிட், உறைபனி படிந்த கருஞ்சாம்பலுக்கு ஷேலா. ஆட்டின் நிறத்துக்கும் புள்ளிக்கும் அவர்களிடம் இருக்கும் பெயர்களை ஒரு பெண் அடுக்கிக்கொண்டே போனார். மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று மாட்டுக்கு எங்கள் பக்கம் சொல்வதை நான் பதிலுக்கு அடுக்கினேன். அவர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை, ஆனால் ரசித்துக் கேட்டார்.

முன்னறையில்தான் சிக்கல். 25 கிராம் உருண்டைகள், தரையிலிருந்து கூரை வரை. 'ஜம்பர் வெயிட்' என்ற இரட்டைப் புரி நூல் இந்தத் தீவின் அன்னம் மாதிரி, பெரும்பாலான ஸ்வெட்டர்கள் அதில்தான். ஒரு முனையைப் பிரித்து விரலில் உருட்டினேன். சொரசொரப்பு. நாலாபக்கமும் மயிர் நீட்டிக்கொண்டிருக்கிறது. கம்பளியில் சீவி நேராக்கி நூற்பது ஒன்று, கலைந்தபடியே நூற்பது இன்னொன்று. எங்கள் பாஷையில் கோம்டு, கார்டு. இது கார்டு. திருப்பூரில் கார்டு என்றால் விலை இறங்கும். இங்கே இந்தக் கலைசல்தான் நூலின் உயிர் என்று எனக்குப் பிறகு புரிந்தது.

அங்கிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். ஊரில் மதியச் சோற்று நேரம். வீடியோவில் அலமாரியைச் சுற்றிக் காட்டினேன்.

"கிலோ என்ன வெலை?"

கிலோவில் விற்பதில்லை, உருண்டை ஏறத்தாழ 4 பவுண்டு, 40 உருண்டை ஒரு கிலோ என்று சொன்னேன். அம்மா மனக்கணக்கில் கெட்டி. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்காக்களிடம் "பதினாறாயிரமாம்டி" என்று ஒலிபரப்பினாள். சிரிப்புச் சத்தம். "தங்கத்துல நூத்தாங்களா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. கடைக்காரப் பெண் அம்மாவைப் பார்த்துக் கையசைத்தார்.

ஹேஸ் டாக்

ஊருக்குள் போகும் வழியில், துறைமுகத்தை ஒட்டியே அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு மணி நேரம் என்று நுழைந்து இரண்டரை மணி நேரம் கழித்து வந்தேன்.

1951-ல் கன்னிஸ்டர் என்ற இடத்தில் கரிமண் தோண்டும்போது ஓர் ஆணின் சடலம் கிடைத்தது. ஆள் கிட்டத்தட்ட மிச்சமில்லை. ஆனால் போட்டிருந்த உடுப்பு, சதுப்பில் ஏறத்தாழ இருநூற்றைம்பது வருஷம் ஊறியும் அப்படியே. குல்லாய், கையுறை, காலுறை எல்லாம் கையால் பின்னியவை. கூடவே வண்ணக் கோலம் போட்ட ஒரு குட்டிப் பின்னல் சுருக்குப்பை. பையில் நெதர்லாந்து, ஸ்வீடன் காசு. அசல் எடின்பரோவில் இருக்கிறது, இங்கே அதன் மறுபின்னல்கள். பெயரே தெரியாதவன். அவன் சுருக்குப்பையைப் பின்னியவளைப் பற்றியும் யாருக்கும் எதுவும் தெரியாது.

டச்சு மீனவர்கள் ஹெர்ரிங் மீனுக்காகக் கூட்டம் கூட்டமாக வந்து, கூடவே காலுறைகளையும் வாங்கிப் போயிருக்கிறார்கள். லெர்விக் ஊரே அந்தச் சந்தையைச் சுற்றி வளர்ந்ததுதான். ஆக இங்கே பின்னல் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. ஏற்றுமதிதான். ஆண்கள் கடலுக்குப் போக, நிலமும் ஆடும் வீடும் பெண்களிடம். ஒரு பழைய புகைப்படத்தில் முதுகில் வைக்கோல் கூடை நிறையக் கரிமண் சுமந்து வரிசையாக நடந்துவரும் பெண்கள். எல்லோர் கையிலும் பின்னல். நடந்துகொண்டே. அந்த இடுப்பு பெல்ட் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

கூலி? காசாகக் கிடைப்பது அபூர்வம். வணிகர் சால்வையை வாங்கிக்கொண்டு தேயிலையோ துணியோ கொடுப்பார், அல்லது தன் கடையில் மட்டுமே செல்லும் ஒரு சீட்டு. 1872-ல் அரசு இதை விசாரிக்கவே ஓர் ஆணையம் வைத்தது. பின்னுகிற பெண்கள் வரிசையாக வந்து சாட்சி சொன்னார்கள். தேயிலையை எடுத்துக்கொண்டுபோய் பக்கத்து விவசாயியிடம் மாவுக்கு மாற்றிக்கொள்வது உண்டு என்றார்கள். அந்த அறிக்கை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. பின்னலைப் பற்றி நான் படித்ததிலேயே நேர்மையான புத்தகம் அதுதான், அழகைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

அடுத்த கூண்டில் அன்ஸ்ட் தீவின் லேஸ் சால்வை. இரண்டு கை விரித்தாலும் எட்டாத அகலம், கல்யாண மோதிரத்துக்குள் நுழைத்து உருவிவிடலாம். அதற்குக் கிடைத்ததும் தேயிலைதானா என்று கேட்கத் தோன்றியது. கேட்க ஆள் இல்லை.

கமர்ஷியல் தெரு

பசி. கற்பலகை பாவிய குறுகிய தெருவில் ஒரு சின்னக் கடையில் 'ரீஸ்டிட் மட்டன்' சூப் கிடைத்தது. ஆட்டிறைச்சியை உப்புநீரில் ஊறவைத்து, உத்தரத்தில் தொங்கவிட்டு, கரிமண் புகையில் காயவிடுவார்களாம். உப்புக்கண்டம்! உருளையும் கேரட்டும் டர்னிப்பும் போட்டுக் கொதித்த அந்த வாசனையில் ஆத்தா வீட்டு அடுப்படி வந்துபோனது. கூடவே பேனக் என்ற தட்டை ரொட்டி. பரிமாறியவர், "உப்பு அதிகமா இருக்குமே, பரவாயில்லையா?" என்று கவலையோடு கேட்டார். மிளகுத்தூள் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மேஜையில் இரண்டு பெண்கள். தங்களுக்குள் 'டூ' என்று பேசிக்கொண்டார்கள், பரிமாறியவரிடமும் என்னிடமும் 'யூ'. காது சட்டென்று நிமிர்ந்தது: நீ, நீங்க! ஆங்கிலம் தொலைத்துவிட்ட மரியாதை வித்தியாசம் இந்தத் தீவில் பிழைத்திருக்கிறது. ஸ்காண்டிநேவிய ஒட்டுறவு பேச்சில் இன்னும் விட்டுப்போகவில்லை. 1469-ல் டென்மார்க்–நார்வே மன்னர் மகளுக்குத் தரவேண்டிய வரதட்சிணைப் பாக்கிக்காக ஷெட்லாந்தை ஸ்காட்லாந்து மன்னரிடம் அடகு வைத்தார். மீட்கவே இல்லை. இந்தக் கதையை அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

அதே தெருவில் ஜேமிசன்ஸ் ஆஃப் ஷெட்லாந்து. காலையில் பார்த்த கடையும் இதுவும் வேறு வேறு, பெயரில் மட்டும் ஒட்டு. இங்கே 'ஸ்பிண்ட்ரிஃப்ட்' என்ற நூல் 200-க்கும் மேற்பட்ட நிறங்களில். 25 கிராமில் 105 மீட்டர். பெரும்பாலானவை ஒற்றை நிறம் இல்லை. பச்சை என்று எடுத்தால் உள்ளே மஞ்சள், நீலம், ஒரு துளி சிவப்பு. ரோமத்திலேயே சாயம் ஏற்றிக் கலந்து நூற்பதால் வருவது. நாங்கள் மிலாஞ்ச் என்போம். எங்களுக்கு மிலாஞ்ச் என்றால் முக்கால்வாசி சாம்பல்தான்.

இந்த நிறங்களை ஒரு வரிசைக்கு இரண்டு நூல் வீதம் மாற்றி மாற்றிப் பின்னுவதுதான் ஃபேர் ஐல். 1588-ல் அந்தக் குட்டித் தீவில் ஸ்பெயினின் போர்க்கப்பல் ஒன்று உடைந்தது உண்மை. தப்பிய மாலுமிகள்தான் கோலத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது கட்டுக்கதை. ஆனால் அழகான பொருளைப் பெண்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள் என்று நம்ப ஊருக்கு எப்போதும் கஷ்டம். 1920-களின் தொடக்கத்தில் வேல்ஸ் இளவரசர் கோல்ஃப் மைதானத்தில் ஒரு ஃபேர் ஐல் ஸ்வெட்டரைப் போட்டு வர, உலகமே கேட்க ஆரம்பித்தது.

எனக்கு ஒரு கார்டிகன் பின்ன ஆசை. கடையில் இருந்த பெண் தன்னுடையதைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முன்பக்கம் திறப்பே இல்லாமல் முழுக் குழாயாகப் பின்னிவிட்டு, கடைசியில் கத்தரியால் நடுவே மேலிருந்து கீழ்வரை வெட்டிவிடுவார்கள். 'ஸ்டீக்' என்று பெயர். வெட்டிய விளிம்பில் கண்ணி ஓடாது. நூலின் சொரசொரப்பில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். காலையில் விரலில் உருட்டிப் பார்த்த கலைசல் இதற்குத்தான்.

குழாயாக இறங்கும் துணியை வெட்டித்தான் எங்கள் ஊரே சாப்பிடுகிறது. இருந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"முதல் தடவை வெட்டும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது," என்றார் அவர். "வெட்டி முடித்ததும் டீ குடியுங்கள்."

எட்டு நிறம் எடுத்தேன். பிறகு அதில் மூன்றை மாற்றினேன். பிறகு பழைய மூன்றில் ஒன்றைத் திரும்பச் சேர்த்தேன். ஒன்பது.

சாண்ட்னெஸ்

கப்பலில் பேசிய அம்மா, காலையில் இறங்கும்போது சொல்லியிருந்தபடி வந்து ஏற்றிக்கொண்டார். சாண்ட்னெஸ்ஸில்தான் ஜேமிசன்ஸின் நூற்பாலை, அவர் வீடு அதற்குக் கொஞ்சம் முன்னால். மேற்கே போகப் போகச் சாலை ஒற்றை வண்டி அகலமாகிவிடுகிறது. எதிரே வண்டி வந்தால் ஒருவர் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட, மற்றவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துகிறார். இருபுறமும் கரிமண் வெட்டிய கறுப்புக் கோடுகள், ஏரிகள், சாலையை ஆடுகள் தங்கள் திண்ணையாகப் பாவிக்கின்றன.

வண்டி ஓட்டிக்கொண்டே பேசினார். ஐந்து வயதில் பெல்ட் கட்டினாராம். பள்ளியிலும் பின்னல் பாடம் இருந்தது. 2010-ல் கவுன்சில் அதை நிறுத்தியதில் அவருக்கு இன்னும் கோபம். இப்போது தன்னார்வலர்கள் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். "என் பாட்டிக்குத் தேயிலை கொடுத்தார்கள். அம்மாவுக்குக் காசு, கொஞ்சம். எனக்கு உருப்படிக்கு இவ்வளவு என்று."

பீஸ் ரேட், என்றேன்.

"அதேதான். வாரத்துக்கு இத்தனை என்று உடலை மிஷின் பின்னும், தோள்பட்டைக் கோலம் நாங்கள். எழுபதுகளில் எண்ணெய் வந்தது. சல்லம் வோவில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் தங்கி எண்ணெய் முனையம் கட்டினார்கள். அங்கே சமையலறையில் சேர்ந்தேன். முதல் வாரச் சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு வயரை எல்லாம் அலமாரியில் போட்டுப் பூட்டினேன்."

பிறகு எப்போது எடுத்தீர்கள்?

"ஓய்வுபெற்ற மறுநாள். யாரும் கேட்காதபோதுதான் எனக்குப் பின்னவே பிடித்தது." கொஞ்ச தூரம் போனபின் சேர்த்துக்கொண்டார்: "இப்பவும் விற்கச் சொல்லிக் கேட்கிறார்கள். நல்ல விலைதான். மணிக்கணக்கு மட்டும் போட்டுப் பார்த்துவிடக் கூடாது."

பாட்டிக்குக் கிடைத்த தேயிலை எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். 1872 என்றால் பெரும்பாலும் சீனத்து இலை. பாட்டி காலம் என்றால் அசாமோ இலங்கையோ. இலங்கை என்றால் கிள்ளிய கை தமிழ்க் கை. அந்தக் கைக்கும் கூலி கடன் கணக்கிலேயே போயிருக்கும். இதை நான் அவரிடம் சொன்னபோது, "அப்படியானால் நமக்குள் ஏற்கெனவே கொடுக்கல் வாங்கல் உண்டு" என்றார், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சாண்ட்னெஸ் என்பது கடலைப் பார்த்த ஒரு சரிவு, சில வீடுகள், எதிரே பாப்பா ஸ்டோர் தீவு. ஆலைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது ஊர் வாசனை: மிஷின் எண்ணெய், பஞ்சுத் தூசி, சூடேறிய மோட்டார். ஆட்டு மணம் மட்டும் புதிது. சாயமேற்றிய ரோமம் குவியலாக, அதை வலைபோல விரித்து மெத்தையாக்கும் கார்டிங் உருளைகள், அப்புறம் நூற்பு, முறுக்கு, கோன். ஒரு ஓரத்தில் சமதளமாகப் பின்னும் மிஷின்கள், எங்கள் ஊர் காலர் மிஷினின் அக்காக்கள். ரோமத்தில் தொடங்கி ஸ்வெட்டர் வரை ஒரே கூரை. எங்களிடம் ஸ்பின்னிங் ஒரு ஊர், நிட்டிங் ஒரு வீதி, டையிங் ஒரு பேட்டை, ஸ்டிச்சிங் இன்னொரு சந்து. ஒரு பனியன் தைத்து முடிவதற்குள் டெம்போவில் ஊரையே சுற்றிவிடும்.

இவ்வளவு சின்ன ஆலையா என்று முதலில் தோன்றியது. பிறகு நொய்யல் நினைவுக்கு வந்தது. எந்த நிறம் ஃபேஷன் என்று ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது எங்கள் சிறுவயதுக் கேலி. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன மாதங்களில் அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை இருந்தது. சின்னது என்றால் என்ன, பெரியது என்றால் என்ன என்று நான் அந்த வாசலில் நின்று தீர்ப்பு எழுதவில்லை. மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த பையன் காதில் பஞ்சு அடைத்திருந்தான். அதுவும் ஊர்தான்.

மறுபடி கப்பல்

ஏழு மணிக்கும் வெளிச்சம் மிச்சமிருந்தது. கப்பல் அம்மா விடைபெறும்போது தன் பழைய பெல்ட் ஒன்றைக் கையில் திணித்தார். தோல் கறுத்து, சில துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிந்துபோய். "பாதித் துளை போச்சு. மீதி நல்லாத்தான் இருக்கு." வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் கதவை மூடிவிட்டார்.

சம்பரோ முனை தாண்டியதும் கடல் வழக்கம்போல ஆரம்பித்தது. பெல்ட்டைக் கட்டி, ஊசியைக் குத்தி, அரை மணி நேரத்தில் ஒன்பது கண்ணி விட்டேன்.

திருப்பூர்

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கார்டிகன் முடிந்திருந்தது. நாலு மாதம். வெட்டும்போது வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன், ஆனாலும் யாரையோ பேசாதே என்று அதட்டியதாக நினைவு.

அம்மா அதை வாங்கிக் கோலத்தைப் பார்க்கவில்லை. செக்கிங் ஆட்கள் செய்கிற மாதிரி முதலில் உள்பக்கத்தைத் திருப்பினாள். கட்டைவிரல் ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தது. பின்பக்கம் ஓடும் நூல்களை இழுத்துப் பார்த்தாள், தளர்வா இறுக்கமா என்று. ஒரு முனையைப் பிரித்து உருட்டி, "கார்டு நூலு, ரெண்டு புரி" என்றாள். நான் சொல்லவே இல்லை.

பிறகு வெட்டிய விளிம்புக்கு வந்தாள். நின்றாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள்.

"இதென்ன அம்மிணி, ஓவர்லாக் அடிக்காமயே வுட்டுட்டே?"

ஓடாதும்மா, என்றேன். நம்பவில்லை. இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். ஓடவில்லை. இன்னொரு இடத்தில் இழுத்தாள்.